மலேயா தாத்தா கேட்ட கேள்வி

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவன் நிலைமை எனக்குத் தெரியும். பின்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வந்துகொண்டிருக்கிறது. அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன். விமானப்படை அனுபவத்தைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டார். நான் பைலட் இல்லை ஐயா, எஞ்சின் ஃபிட்டர், கிரீஸ் கையோடு நின்றவன் என்றேன். "அதையே சொல்லுங்க" என்றார். நான் வேலை பார்த்த விமானத்தைப் பற்றியும், நான் கண்ணால் பார்க்காத ஒரு ஜப்பானிய விமானத்தைப் பற்றியும் சொல்ல வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் என் தாத்தாவின் தம்பி.

ஊரில் எல்லோருக்கும் அவர் 'மலேயா தாத்தா'. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் எங்கள் கிராமம். 1930-களில் கங்காணி ஒருவர் ஆள் சேர்க்க வந்தபோது இவரும் கிளம்பி, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பேராக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். 1943-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்தின் பொறுப்பை ஏற்றதும், தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள் அல்லவா, அதில் இவரும் ஒருவர். பர்மாவுக்குப் போனார். பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, 1946-இல் ஊர் வந்து சேர்ந்தார். மதுரையில் ரயிலை விட்டு இறங்கி, போடி ரயில் எங்கே என்று கேட்டாராம். போடி ரயிலே இல்லை! 1928-இல் போட்ட மதுரை - போடி தண்டவாளத்தைப் போருக்காக 1942-இல் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பப் போட்டது 1950-களில்தான். "நான் சண்டைக்குப் போனேன், என் ஊர் ரயிலும் சண்டைக்குப் போயிருச்சு" என்று சொல்லிச் சிரிப்பார்.

1973 அல்லது 74 என்று நினைக்கிறேன். ஒரு சாயங்காலம் வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தோம். தாத்தா கேட்டார்: "ஏப்பா, நீ பிசிக்ஸ் படிக்கிறயே, ஒன்னு சொல்லு. தலைவரு கடைசியாப் போன பிளேன் எந்த மாதிரி பிளேனு? உட்கார சீட்டு இருந்துச்சா அதுல?"

நான் அப்போது பெரிய அறிவாளி. என்ன சொன்னேன் தெரியுமா? "தாத்தா, அதெல்லாம் முடிஞ்ச கதை. கமிட்டி போட்டு அவரு செத்துட்டாருன்னு சொல்லிட்டாங்க. நீங்க இன்னும் வருவாரு வருவாருன்னு காத்துக்கிட்டு இருக்கீக" என்றேன். தாத்தா ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு என்னிடம் போரைப் பற்றி அவர் பேசவே இல்லை.

நம் பகுதியில் அப்போது நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று நம்பியவர்கள் ஏராளம். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரே மேடைகளில் அப்படித்தான் உறுதியாகச் சொன்னார். அதனால் தாத்தாவும் அந்த நம்பிக்கையில்தான் கேட்கிறார் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் நண்பர்களே, அவர் கேட்டது 'உயிரோடு இருக்கிறாரா' என்று இல்லை. 'சீட்டு இருந்ததா' என்று. ஒரு கேள்வி கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கல்லூரியில் மூன்று வருஷம் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன்.

1975-இல் விமானப்படையில் சேர்ந்து, தாம்பரத்தில் பயிற்சி முடித்து, வடகிழக்கில் டக்கோட்டா விமானங்களில் வேலைக்குப் போனேன். டக்கோட்டா என்பது அமெரிக்காவின் டக்ளஸ் கம்பெனி செய்த டி.சி.-3 விமானத்தின் ராணுவ வடிவம். இரண்டு எஞ்சின். 28 சிப்பாய்களை ஏற்றலாம், இல்லையென்றால் இரண்டரை மூன்று டன் சரக்கு. 1947 அக்டோபர் 27-ஆம் தேதி ஸ்ரீநகரில் நம் படையைக் கொண்டுபோய் இறக்கியது இந்த டக்கோட்டாதான். என் காலத்தில் அது கிழட்டு விமானம். ஆனாலும் சாலையே இல்லாத மலை முகாம்களுக்கு அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் அதில்தான் போகும். கதவுப் பக்கம் மூட்டைகளை அடுக்கி, இடம் வந்ததும் தள்ளிவிடுவார்கள்.

முதல்முறை அரிசி மூட்டை ஏற்றுவதைப் பார்த்தபோது, தாத்தா என் சின்ன வயதில் சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது. "பர்மாவுல அவங்களுக்கு வானத்துல இருந்து அரிசி விழுந்துச்சுப்பா. எங்களுக்குக் குண்டு விழுந்துச்சு." அவர் பார்த்த விமானம் இதே டக்கோட்டா!

அந்த வார்த்தை எவ்வளவு பெரிய உண்மை என்பது பின்னால் படித்தபோதுதான் புரிந்தது. 1944 மார்ச் முதல் ஜூலை வரை நடந்த இம்பால் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் சாலையை அடைத்துவிட்டார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு விமானம் மூலமாகவே சுமார் 19,000 டன் பொருளும், 12,000-க்கு மேற்பட்ட புதிய வீரர்களும் வந்து சேர்ந்தார்கள். காயம்பட்டவர்கள் 13,000 பேரைத் திரும்பும் விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். முற்றுகை போட்ட ஜப்பானியப் படையோ மூன்று வார உணவோடு கிளம்பி வந்தது. எதிரியின் கிடங்கைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு. கணக்கு தப்பியது. மழை பிடித்துக்கொண்டது. ஜப்பானியர் சுமார் 30,000 பேர் மாண்டார்கள். பெரும்பாலோரைக் கொன்றது பசியும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும்தான். அவர்களோடு நின்ற நம் இந்திய தேசிய ராணுவத்தாரும் கீரையும் புல்லும் தின்று திரும்பினார்கள். 1945-இல் தாத்தா இருந்த போப்பா மலைப் பக்கமும் இதே கதைதான்.

ஜப்பானுக்கு நல்ல விமானம் செய்யத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இங்கேதான் நான் சொல்ல வந்த விமானத்தின் வரலாறு வருகிறது. மாணவர்கள் கொஞ்சம் கவனியுங்கள்.

ஜப்பானிய ராணுவத்துக்காக மிட்சுபிஷி கம்பெனி கி-21 என்று ஒரு இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம் செய்தது. முதன்முதலில் பறந்தது 1936 டிசம்பரில். ஜப்பானியர் தங்கள் பேரரசு ஆண்டுக் கணக்கின் கடைசி எண்களை ஆயுதத்துக்குப் பெயராக வைப்பார்கள். 1937 அவர்கள் கணக்கில் 2597. ஆகவே இது '97 ரகம்'. நேச நாட்டார் தங்கள் வசதிக்கு வைத்த பெயர் 'சாலி'. இந்தச் சாலி 2,000-க்கும் அதிகமாகச் செய்யப்பட்டது.

நம் விமானக் கம்பெனிக்கும் இப்படி ஒன்று வேண்டும், ஆனால் பயணிகள் போகும்படி வேண்டும் என்று ஜப்பானிய விமானப் போக்குவரத்து நிறுவனம் கேட்டது. மிட்சுபிஷி அதே இறக்கை, அதே வால், அதே எஞ்சினை வைத்துக்கொண்டு உடலை மட்டும் புதிதாகச் செய்தது. 1940-இல் பறந்தது. ஜப்பான் கணக்கில் அது 2600-ஆம் ஆண்டு. அதனால் ராணுவத்தில் '100 ரகப் போக்குவரத்து விமானம்', கி-57. நேச நாட்டார் வைத்த பெயர் 'டாப்ஸி'. ஓட்டுகிறவர்கள் நாலு பேர், பயணிகள் 11 பேர்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குண்டுவீச்சு விமானத்தில் இறக்கை உடலின் நடுமட்டத்தில் குறுக்கே போகும். கீழே குண்டு வைக்க இடம் வேண்டுமே, அதற்காக. பயணி விமானத்தில் குண்டு இல்லை. அதனால் இறக்கையை உடலின் அடிமட்டத்துக்கு இறக்கினார்கள். உள்ளே தடங்கல் இல்லாமல் தளம் கிடைத்தது. நாற்காலி போட்டார்கள், ஜன்னல் வைத்தார்கள். அண்ணன் குண்டு போடுவான், தம்பி ஆள் ஏற்றுவான். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1942 பிப்ரவரி 14-இல் சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய் ஊரைப் பிடிக்க பாராசூட் வீரர்களை இறக்கியதில் இந்தத் தம்பிக்கும் பங்கு உண்டு. மறுநாள் சிங்கப்பூர் விழுந்தது.

நம் டக்கோட்டாவும் ஜப்பானில் இருந்தது என்றால் நம்புவீர்களா? போருக்கு முன்னாலேயே, 1938-இல், டி.சி.-3 செய்யும் உரிமையை ஜப்பான் காசு கொடுத்து வாங்கிவிட்டது. ஜப்பானியக் கடற்படைக்காக 480-க்கு மேல் செய்தார்கள். அதற்கு நேச நாட்டார் வைத்த பெயர் 'டாபி'. தூரத்திலிருந்து பார்த்தால் நம்முடையதா எதிரியுடையதா என்று இரு பக்கத்தாருக்கும் குழப்பம்.

ஆக, படம் கையில் இருந்தது, தொழில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். குறை எங்கே? எண்ணிக்கையில். டாப்ஸி மொத்தமே சுமார் 500. டாபியையும் சேர்த்தால் ஏறத்தாழ ஆயிரம். அமெரிக்கர்கள் டி.சி.-3 வகையை மட்டும் 10,000-க்கு மேல் செய்து தள்ளினார்கள். அடிக்கிற விமானத்துக்குக் கொடுத்த உலோகத்தையும் எஞ்சினையும், சுமக்கிற விமானத்துக்கு ஜப்பான் ஒதுக்கவில்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வெள்ளாமைக்கு விதை வாங்கிவிட்டு, களத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர மாட்டுவண்டி வைத்துக்கொள்ளாதவன் கதை. 1945 ஜனவரியில் டாப்ஸி செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஆள் போக வேண்டும் என்றால் மிச்சமிருக்கும் குண்டுவீச்சு விமானத்தில் ஏறு என்ற நிலைமை வந்தது.

நேதாஜிக்கு ஒரு காலத்தில் சொந்தப் பயணத்துக்கென்றே ஜப்பானியப் பிரதமர் டோஜோ ஒரு விமானம் அன்பளிப்பாகத் தந்திருந்தார். ஆனால் 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுக் கிளம்பியபோது அவர் ஜான்சி ராணிப் படைப் பெண்களோடு பல நாள் நடந்தே பின்வாங்கினார். ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. ஆகஸ்ட் 17-ஆம் தேதி சைகோனில், டோக்கியோ பக்கம் போகும் ஒரு ராணுவ விமானத்தில் இடம் கேட்டார்கள். கூட இருந்தவர்களில் நம் தமிழர், பிரசார அமைச்சர் எஸ்.ஏ. ஐயர் ஒருவர். எல்லோருக்கும் இடம் இல்லை என்றார்கள் ஜப்பானியர். மன்றாடிய பிறகு கிடைத்தது இரண்டே இடம். நேதாஜியும் ஹபிபுர் ரஹ்மானும் ஏறினார்கள். ஐயர் கீழே நின்றார்.

அந்த விமானம் டாப்ஸி இல்லை நண்பர்களே. அண்ணன், 'சாலி'. குண்டுவீச்சு விமானம். பன்னிரண்டு பதின்மூன்று பேர் அடைந்து உட்கார்ந்தார்கள். பயணிகளுக்கு என்று நாற்காலி கிடையாது. மெத்தை போட்டுத் தரையில் உட்கார வேண்டும். நேதாஜி இடது இறக்கைக்குச் சற்றுப் பின்னால். பக்கத்தில் பெட்ரோல் டாங்கி. அன்று இரவு இந்தோசீனாவில் டூரேனில் தங்கினார்கள். இன்றைய டா நாங் அது. பாரம் அதிகம் என்று துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் அங்கே இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் 18-ஆம் தேதி மதியம் தைஹோகு, அதாவது தைவானின் இன்றைய தைபே. எண்ணெய் நிரப்பினார்கள். புறப்படும் முன் இடது எஞ்சினில் கோளாறு தெரிந்ததாகவும், சரிசெய்து ஓட்டிப் பார்த்துத் திருப்தியானதாகவும் தரைப் பொறியாளர் பின்னர் சாட்சியம் சொன்னார். கிளம்பித் தரையை விட்டு எழுந்த சில நொடிகளில் பெரும் சத்தம். இடது பக்கத்து புரொப்பெல்லர் கழன்றது. விமானம் விழுந்து தீப்பிடித்தது. பின்கதவைச் சாமான்கள் அடைத்துக்கொண்டிருந்தன. முன்பக்கம் தீ. அந்தத் தீ வழியாகத்தான் வெளியே வந்தார்கள். பெட்ரோலில் நனைந்திருந்த நேதாஜியின் உடை பற்றிக்கொண்டது. அன்று இரவே ராணுவ மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. இது ஹபிபுர் ரஹ்மானும், பிழைத்த ஜப்பானியரும், மருத்துவரும் சொன்ன சாட்சியம்.

இதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 1956-இல் ஷா நவாஸ் கான் குழுவும், 1970-இல் அமைத்த கோஸ்லா கமிஷனும் விபத்தில்தான் இறந்தார் என்றன. 1999-இல் அமைத்த முகர்ஜி கமிஷன் இல்லை என்றது. 2006-இல் மத்திய அரசு அந்த முடிவை ஏற்கவில்லை. நான் எஞ்சின் ஃபிட்டர். பாரம் மிகுந்த பழைய விமானம், உதிரிபாகமும் தேர்ந்த மெக்கானிக்கும் கிடைக்காத தோற்ற நாடு, கிளம்பும் முன்பே முனகிய எஞ்சின், முழு விசையில் எழும்போது கழன்ற புரொப்பெல்லர் என்று யாராவது சொன்னால், எனக்கு அது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. வேறு மாதிரி நினைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் தாத்தாவோடு போட்ட சண்டையே போதும்.

1978-இல் தாத்தா இறந்தார். தந்தி வந்து, லீவு கிடைத்து, நான் ஊர் வந்து சேர ஆறு நாள் ஆகிவிட்டது. அம்மாவிடம், தாத்தா என்னைப் பற்றிக் கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "உன்னையத்தான்ப்பா கேட்டுக்கிட்டே இருந்தாக. 'அவன் பிளேன் கம்பெனியில இருக்கான்ல, அவனுக்கு இப்பத் தெரிஞ்சிருக்கும்'னாக" என்றார்.

எனக்கு அப்போதும் தெரியாது. நான் தேடிப் படித்ததே அதற்குப் பிறகுதான்.

அவர் ஏன் சீட்டைப் பற்றிக் கேட்டார் என்று பல வருஷம் யோசித்தேன். அவர் சுமந்தவர். ரப்பர் பால் சுமந்தார், பர்மாவில் தோட்டாப் பெட்டி சுமந்தார், பின்வாங்கும்போது காய்ச்சல்கண்ட கூட்டாளியைச் சுமந்தார். தங்களுக்கு வண்டி இல்லை, அரிசி இல்லை, அது போகட்டும், தலைவரையாவது மரியாதையாக உட்காரவைத்து அனுப்பினார்களா என்பதுதான் அவர் மனதில் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில், 'இல்லை தாத்தா, தரையில்தான் உட்கார்ந்து போனார், உங்களைப் போலவே'. இதை அவரிடம் சொல்லியிருந்தால் அழுதிருப்பார். ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் நிறையப் பேசியிருப்பார். அவர் சுமந்த அந்தக் கூட்டாளி யார், எந்த ஊர், பிழைத்தாரா? எனக்குத் தெரியாது. நம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஆள் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். சின்னமனூரோ, கூடலூரோ, போடியோ. ஒரு பெயர் என் அலட்சியத்தால் போய்விட்டது.

மாணவச் செல்வங்களே, அந்தத் தலைமுறை அநேகமாக முடிந்துவிட்டது. ஆனால் அவர்களிடம் கதை கேட்டு வளர்ந்த மகன்களும் மகள்களும் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். மலேயாவிலிருந்து, பர்மாவிலிருந்து வந்த தகரப் பெட்டிகள் பரணில் கிடக்கின்றன. அடுத்த விடுமுறையில் உங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாதீர்கள், முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சரிபார்க்கிற வேலையைப் பிறகு நூலகத்தில் உட்கார்ந்து செய்யலாம். இரண்டும் வேண்டும். ஒன்றைச் செய்ய இன்னொன்றை விட்டுவிடக் கூடாது. அதுதான் நான் செய்த தவறு.

நம் நூலகத்தில் இதற்கென்று ஒரு நோட்டு வைக்க முதல்வர் அவர்கள் அன்போடு இசைந்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் என் தாத்தாவைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவருடைய கூட்டாளி பெயருக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். இந்த மலரைப் படிப்பவர்களில் யாருடைய வீட்டிலாவது, பர்மாவில் காய்ச்சலோடு ஒருவர் தோளில் வந்த கதை சொல்லக் கேட்டிருந்தால், தயவுசெய்து வந்து அந்த வரியை நிரப்புங்கள்.

 சாப்பாடு தயாராகிவிட்டது போலிருக்கிறது.